மெட்டுக்குச் சாட்சி வீட்டு நோட்டு

இங்கிலாந்துக் கிராமங்களில் பிடில் வாசித்தவர்கள் தங்களுக்குப் பிடித்த நடன மெட்டுகளை நோட்டில் எழுதி வைத்தார்கள். கவிஞர் ஜான் கிளேரும் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் முன்னோரும் எழுதிய நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. அத்தகைய மெட்டுகள் சில கப்பலேறி வந்து, நம் திருவாரூர் தீட்சிதர் குடும்பத்திலும் குடியேறின.

மணலி முதலியார் ஆதரவில் சென்னையில் இருந்தபோது, பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அங்கே ஆங்கிலேயர் கோட்டையில் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு அவர் அண்ணன் முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், செய்தார். சங்கராபரணத்தில் அமைந்த ஏறத்தாழ நாற்பது உருப்படிகள், ‘நோட்டுஸ்வரம்’ என்ற பெயரில் வழங்குகின்றன. பாலுசாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்திலிருந்து 1905இல் வெளியிட்ட நூலில் அவற்றில் பலவற்றைச் சுரப்படுத்தித் தந்தார். குடும்பம் காத்ததால் இன்று அவற்றை மூல மெட்டுகளோடு ஒப்பிட முடிகிறது.

ஒப்பிடுவது எப்படி? முதலில் சாகித்யத்தை நீக்கிவிட்டுச் சுரத்தை மட்டும் பார்க்க வேண்டும். இரு மெட்டுகளையும் ஒரே ஷட்ஜத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு, தாளத்தின் அழுத்தமான இடங்களில் எந்தச் சுரம் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். இடையில் வரும் சிறு சுரங்கள் கைக்குக் கை மாறும். அழுத்தச் சுரங்கள் எளிதில் மாறா.

‘சந்ததம் பாஹிமாம்’ உருப்படியை எடுத்துக்கொள்வோம். ஷட்ஜம் இருமுறை ஒலித்து, ரிஷபத்தைத் தொட்டு, கீழ் நிஷாதத்துக்கு இறங்கி, மறுபடி ரிஷபத்துக்கு ஏறுகிறது. எண்ணிக்கை மும்மூன்றாக நடக்கிறது. பிரிட்டிஷ் அரச வாழ்த்துப் பாடலின் நடையும் அதுவே. ஓரடி ஒத்துப்போனால் போதாது. முழு மெட்டும் பொருந்த வேண்டும். ‘வந்தே மீனாக்ஷி’ உருப்படியை இப்படி வைத்துப் பார்த்தால், அயர்லாந்தின் மாலோ ஊர்ப் பெயர் கொண்ட நடன மெட்டு தெரிகிறது.

மெட்டைப் போலவே நோட்டும் பேசும். அட்டையில் உள்ள பெயர், தேதி, கையெழுத்து மாறும் பக்கம் எல்லாமே தடயங்கள். நம் சித்தையன்கோட்டையிலோ சுற்றுப்பட்டு ஊர்களிலோ நாதஸ்வரம், ஆர்மோனியம், பேண்டு வாசித்த தாத்தாவின் பாட்டு நோட்டு உங்கள் பரணில் இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டை முதல் அட்டை வரை படமெடுங்கள். அது யாருடையது, அவர் யாரிடம் கற்றார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.