குழம்பு சுண்டினால் கீரை வாடும்

அளவாக உப்புப் போட்ட குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றி மறந்துவிட்டால் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். யாரும் உப்பைக் கூட்டவில்லை, தண்ணீர்தான் குறைந்தது. தாராபுரத்துக் கீரைப் பாத்தியிலும் இதுதான் நடக்கிறது. அங்கே அடுப்பு, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று. குண்டடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் வெயிலோடு சேர்ந்து மண்ணின் ஈரத்தை இழுக்கிறது. வேரும் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே விட்டுவிடுகிறது. ஈரம் பாதியானால் மண்நீரில் உப்பின் செறிவு ஏறக்குறைய இரட்டிப்பு.

வேருக்குள் இருக்கும் சாறு மண்நீரைவிடச் செறிவாக இருக்கும்வரைதான் தண்ணீர் எளிதாக உள்ளே போகும். வெளியே உப்பு ஏற ஏற அந்த இழுப்பு தளர்கிறது. கீரை இலை விரிவது செல்லுக்குள் இருக்கும் நீரழுத்தத்தால். அது குறைந்ததும் செடி வாடும் முன்பே இலை வளர்வது நின்றுவிடும். மண் கையில் ஒட்டும், கீரை மட்டும் சிறுத்து நிற்கும். கீரைக்கு வேர் ஆழமில்லை. முதலில் காயும் மேல்மண்ணையே நம்பியிருக்கிறது.

பாத்திக்குப் பாய்ச்சுவது சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர் என்றதும் உப்பும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. கரைந்த உப்பை அவை தொடுவதில்லை. அதைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். இதைத் திருப்பூர் பட்டுத்தான் கற்றது. நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவுத் தேக்கமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கழிவுநீரில் கரைந்த உப்புக்கு நம் நாட்டில் வழக்கமாகச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமோ 2,000-ஐத் தாண்டினாலே பாசனத்துக்குக் கடும் கட்டுப்பாடு தேவை என்கிறது. பாலக் கீரைக்கு 830-ஐ ஒட்டியே விளைச்சல் சரியத் தொடங்கிவிடும். ஒரு சென்டில் 3 செ.மீ. தண்ணீர் கட்டினால் சுமார் 1,200 லிட்டர். 2,100 உள்ள தண்ணீரென்றால் ஒரே பாய்ச்சலில் இரண்டரை கிலோ உப்பு பாத்திக்குள் இறங்குகிறது. வரம்புக்குள் இருக்கிறது என்ற சீட்டு கீரைக்குச் சோறு போடாது.

ஆகவே சுண்டவிடக் கூடாது. நாலு நாளைக்கு ஒருமுறை நிறையத் தேக்குவதைவிட, அளவாக அடிக்கடி கட்டுவது நல்லது. ஆனால் அதனால் உப்பு வெளியேறாது. இங்கே குழம்புச் சட்டியும் பாத்தியும் வேறுபடுகின்றன: பாத்திக்கு அடியில் வழி உண்டு. அவ்வப்போது கொஞ்சம் கூடுதலாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். வடிகால் இல்லாத களிமண்ணில் இது பலிக்காது. அமராவதி வாய்க்கால் தண்ணீர் கிடைக்கிற நாளில் கலந்து விடலாம். ஐப்பசி மழை பெய்தால் பெருமளவு கழுவிவிடும்.

சாக்கடைத் தண்ணீரில் தழைச்சத்து இருப்பதால் கீரை கரும்பச்சையாகக் கொழிக்கும். அந்த நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. உப்பு சேர்வதை அது காட்டாது. கிருமியும் முழுதாகப் போயிருக்காது என்பதால் தெளிப்பானில் இலைமேல் அடிக்காமல் சொட்டுநீராக மண்ணிலேயே விடவேண்டும். சொட்டுநீரில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்பில் ஒதுங்கும். விதையை அந்த விளிம்பில் போட்டால் முளைப்பதே சந்தேகம். குழாயை ஒட்டிப் போடுங்கள்.