கிளாம்ப் நழுவியது! கார் மூச்சு வாங்கியது!

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா?

அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும்!

காற்றை அமுக்கினால் அது சூடாகும். இந்தச் சின்ன விஷயம்தான் டர்போ கார்களுக்குப் பெரிய தலைவலி.

கார் பெட்ரோலால் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மை. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. காற்றை அதிகம் புகுத்தினால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும்.

காற்றைப் புகுத்தும் கருவிதான் டர்போ. என்ஜினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளும். வீணாகப் போகும் புகையிலிருந்து வேலை வாங்கும் தந்திரம் இது. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

தண்ணீர் குடித்த கார்

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி "ஜெட்பயர்" என்ற டர்போ காரை விற்றது. சூட்டைத் தணிக்க அவர்கள் செய்த வழி வேடிக்கையானது. தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது காற்றோடு சேர்ந்து என்ஜினுக்குள் போகும்.

தொட்டி காலியானால் டர்போவின் வேகம் தானாகக் குறைந்துவிடும். ஆனால் வாங்கியவர்கள் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். "கார் இழுக்கவில்லை" என்று குறை சொன்னார்கள்! கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டு, சாதாரணக் கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. 1963-க்குப் பிறகு ஜெட்பயர் வரவில்லை.

பிற்காலத்தில் கார்களுக்கு நல்ல வழி வந்தது. அதுதான் "இன்டர்கூலர்". ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டி. அதனுள் சூடான காற்று ஓடும். வெளியே எதிர்க்காற்று வீசும். சூடு குறையும்.

எவ்வளவு குறையும்? வெளியே 30 டிகிரி வெயில் என்று வையுங்கள். டர்போ அதை இரண்டு பங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், காற்றின் சூடு 120 டிகிரிக்குப் போய்விடும். கொதிக்கிற தண்ணீரைவிட அதிகம்! இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்கு இறக்கினால், அதே இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு காற்று கூடுதலாக அடங்கும்.

மூக்கு வைத்த கார்

ஜப்பானில் 1992-ல் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். வந்தது. பந்தயத்தில் பேர் வாங்கிய கார். 1995-ல் கோலின் மெக்ரே இம்ப்ரெசாவை ஓட்டித்தான் உலக ராலி சாம்பியன் ஆனார்.

இந்தக் காரின் பானெட்டில் மூக்குப் போல ஒரு துவாரம் இருக்கும். அதன் கீழே, என்ஜினின் தலைமேல் இன்டர்கூலர். கார் ஓடும்போது காற்று மூக்கு வழியாக இறங்கும். சிக்னலில் நின்றால்? அடுப்பின் மேல் வைத்த தட்டுதான்!

அதனால் சிலர் இன்டர்கூலரைக் காரின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். டர்போ இருப்பதோ என்ஜினின் பின்பக்கம். காற்று முன்னே போய், குளிர்ந்து, திரும்பி வர வேண்டும். அதற்குத்தான் நீளமான அலுமினியக் குழாய்கள். இதைக் கடைகளில் தனி செட்டாக விற்கிறார்கள்.

அவசியமா என்றால், கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் போகிறவருக்கு அவசியம் இல்லை. நீளக் குழாய் நிரம்பச் சற்று நேரமாகும். மிதித்தவுடன் கார் பாயாது. குழாய் தடிமனானால் இன்னும் தாமதம். பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவருக்குத்தான் லாபம்.

31 கிலோ தள்ளும்!

குழாய் மாட்டுவது சுலபமாகத் தெரியும். அலுமினியக் குழாய், சிலிக்கோன் ரப்பர் இணைப்பு, மேலே ஒரு கிளாம்ப். அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயின் குறுக்களவு 63 மில்லிமீட்டர். உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். வளைவுகளில் அது ஏறத்தாழ 31 கிலோ எடைக்குச் சமமாகக் குழாயைப் பிடுங்கப் பார்க்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம்!

ஆகவே குழாயின் விளிம்பு மழமழவென்று இருக்கக் கூடாது. செம்பின் வாய் போலச் சுற்றிலும் ஒரு மேடு வேண்டும். கிளாம்ப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். கிரீஸ் தடவினால் ரப்பர் எளிதாக ஏறும். அதைவிட எளிதாகக் கழன்றும் வரும்.

கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினாலும் ஆபத்து. ரப்பரை வெட்டிவிடும்.

என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும். உடல் ஆடாது. அதனால் குழாய் எங்கும் உரசாதபடி இடைவெளி விட வேண்டும். குழாயை அறுத்திருந்தால் அலுமினியத் தூளை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். தூசி போகாமல் இருக்கக் குழாயின் வாயில் துணி அடைப்பார்கள். அந்தத் துணியை எடுக்க மறந்தவர்களும் உண்டு!

சிலர் இடம் போதவில்லை என்று முன் பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தை வெட்டுகிறார்கள். இது பெரிய தவறு. கார் மோதினால் அடியைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். உள்ளே பெண்டாட்டி பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏமாந்த கம்ப்யூட்டர்

ஒரு கிளாம்ப் நழுவினால் என்ன ஆகும்?

இந்தக் காரில் டர்போவுக்கு முன்னால் ஒரு காற்று அளவி இருக்கிறது. உள்ளே வரும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோல் விடும். காற்று நடுவழியில் குழாய்ச் சந்தில் தப்பிவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வராத காற்றுக்கும் பெட்ரோல் விடும்!

கரும்புகை கிளம்பும். பிளக் கரி பிடிக்கும். கார் மூச்சு வாங்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் சைலன்சர் பக்கம் உள்ள விலை உயர்ந்த புகை வடிகட்டி கெட்டுப்போகும்.

கண்டுபிடிக்க என்ன வழி? சைக்கிள் பஞ்சர் கடைக்காரர் செய்வதேதான். டர்போவின் வாயை மூடி, மூடியின் வழியாகக் கொஞ்சம் காற்று அடைக்க வேண்டும். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை.

கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு, கம்ப்யூட்டரின் பெட்ரோல் அளவைத் தெரிந்தவரிடம் சரிபார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்துபோனால் பிஸ்டனே உடையலாம்.

பிறகு ஓட்டலாம். ஆனால் 100 கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி, என்ஜின் ஆறிய பிறகு, ஸ்பானரை எடுங்கள். சூடாகி ஆறியதில் ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். முதல் நாள் இறுக்கமாக இருந்த கிளாம்ப் இப்போது அரைச் சுற்றாவது திரும்பும்.