அண்டைக்கு அது ஓஃப்சைட்தான்

பெரிய போட்டிக்கு முதல் கிழமை ரசிகனுக்கு வருவது உற்சாகம் என்று நினைப்பவர்கள் முள்ளியவளைப் பக்கம் ஒருக்கால் வந்து பார்க்கவேண்டும். வருவது பயம். வேறு எந்தப் பள்ளிக்கூடத்திடம் தோற்றாலும் “விளையாட்டுத்தானே” என்று சொல்லிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்த ஒரு பள்ளிக்கூடத்திடம் தோற்றால் மறுநாள் காலை பாண் வாங்கக் கடைக்குப் போகமுடியாது. போனால், எதிர்ப்பக்கத்தான் ஒருவன் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்பான். அவன் ஏதாவது சொல்லித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை.

முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரியில் படித்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். வயது ஐம்பதைத் தொடுகிறது. மற்ற நாள்களில் சத்தம்போட்டுப் பேசமாட்டார். உதைபந்தாட்டப் பருவம் வந்து ‘அந்த’ மட்ச் நாள் குறிக்கப்பட்டுவிட்டால் ஆளே மாறிவிடுவார். பழைய மாணவருக்கென்று பந்தலில் கதிரை போட்டிருப்பார்கள்; அதில் இருக்கமாட்டார். தங்கள் கோலுக்குப் பின்னால், வேலியோரம் போய் நிற்பார். எதிரணிக்குக் கோணர் கிடைத்தால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு றோட்டைப் பார்ப்பார். தான் பார்த்தால் கோல் விழும் என்பது அவருடைய சித்தாந்தம். சனத்தின் சத்தத்தை வைத்தே பந்து எங்கே போனது என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரு முறை தோற்ற நாளில் போட்டிருந்த சேட்டை அதற்குப் பிறகு எந்த மட்சுக்கும் போட்டதில்லை.

எதிர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு பக்கத்தாரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒன்றை மட்டும் சொல்லலாம்: அவருடைய மனைவி அந்த ஊர். மனைவியின் தமையன் அந்தப் பள்ளிக்கூட அணிக்கு முன்வரிசையில் விளையாடியவர். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே மர நிழலில் பாய் விரித்து இருக்கும். மட்ச் நாளன்று மட்டும் மச்சானும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. கொழும்பில் இருந்து வரும் அணியோடு எங்களுக்கு என்ன பகை? பகைப்பதற்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரே சந்தை, ஒரே பஸ், ஒரே ரியூசன் கொட்டில், மாறி மாறிப் பெண் கொடுத்த உறவு, இவ்வளவும் இருந்தால்தான் ஒரு கோல் பத்து வருடம் குத்தும்.

கண்ணகி வழிபாட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் கொம்புமுறி விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்களின் வசைப்பாட்டை நின்று கேட்கவேண்டும். இதில் ஆளுக்குக் கட்சியைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. எந்தச் சேரிக் குடும்பத்தில் பிறந்தீரோ அந்தச் சேரிதான். பள்ளிக்கூட ரசிகனின் நிலைமையும் இதுவேதான்: ஐந்து வயதில் அப்பா கையைப் பிடித்துக் கொண்டுபோய் எந்த வாசலில் விட்டாரோ, சாகும்வரை அந்தப் பக்கம்.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இல் இருந்து கிரிக்கெட்டில் மோதுகின்றன. ‘வடக்கின் பெரும்போர்’ என்ற பெயரைச் சும்மா வைக்கவில்லை. யுத்தத்தால் சில ஆண்டுகள் நின்றுபோனாலும், எத்தனையாவது போர் என்று எண்ணி எண்ணித்தான் ஒவ்வொரு மார்ச்சிலும் பதாகை கட்டுகிறார்கள். அந்தப் பகையின் கசப்பான பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2014இல் அந்தப் போட்டி நாள்களில் மூண்ட சண்டையில் ஓர் இளைஞனின் உயிரே போனது. கல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16ஆம் திகதி ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற உதைபந்தாட்டக் கழகங்கள் ஆடியபோது ரசிகர்கள் மோதி 16 பேர் செத்தார்கள். 1975இல் மோகன் பகான் 5-0 என்று தோற்றதைத் தாங்காமல் தற்கொலை செய்துகொண்ட ரசிகனும் இருக்கிறான். கோல் விழுந்ததற்காக ஒருவன் சாவது விசர்த்தனம். அதை வீரம் என்று கதைப்பவர்களை மைதானத்துக்குள் விடவே கூடாது.

ஆனால் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை எனக்கு ஒரு காரணத்துக்காகப் பிடிக்கும். 1947இல் வங்காளம் பிரிந்தபோது வீடு வளவை விட்டு வந்த அகதிகளுக்கு, 1920இல் தொடங்கிய அந்தக் கழகம்தான் ஊராக இருந்தது. அவர்கள் வென்றால் இல்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்று அங்கே பகிடியாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் பகையை மட்டும் விடாமல் கொண்டு வந்திருக்கிறான்.

முள்ளியவளையும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்ட ஊர்தான். 2008 கடைசியில் யுத்தம் நெருங்கச் சனம் புதுக்குடியிருப்புப் பக்கம் நகர்ந்து, பிறகு மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கி, மிஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். நான் சொன்ன ரசிகரும் அவருடைய மச்சானும் வெவ்வேறு வலயங்களில் அடைபட்டிருந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு முள்ளுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று சந்தித்தார்கள். முதலில் யார் யார் இருக்கினம், யார் இல்லை என்று கேட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்கட ஆள்தான் தொடங்கினார்.

“அத்தான், இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் ஓஃப்சைட்தானே?”

“விசரே உமக்கு? பந்து உங்கட பக்கின்ர காலில பட்டுத்தான் எனக்கு வந்தது.”

அந்தக் கோலைப் பற்றி நூறு தரம் கேட்டிருக்கிறேன். மழை விட்ட மைதானம். அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்காப்பாளர் சேற்றில் விழுந்து கிடக்க, மச்சான் தனியாக நின்று தட்டிவிட்டார். லைன்ஸ்மனின் கொடி பாதி உயர்ந்து, இறங்கியது. 1-0. கம்பிக்குப் பக்கத்தில் தண்ணீர் வரிசையில் நின்ற மூன்றாவது ஆள் ஒருவர் இடையில் புகுந்து, அந்தக் கோல் இவர்கள் சொல்லும் வருடம் விழவில்லை, அதற்கு முதல் வருடம் என்றாராம். மூன்று பேருக்கும் மூன்று கணக்கு. எடுத்துப் பார்த்துத் தீர்ப்பதற்குக் கொப்பி ஒன்றும் கையில் இல்லை. இன்றைக்கும் அந்த வழக்குத் தீரவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் 1897இல் இருந்து மோதுகின்றன. அது எங்கள் உதைபந்தாட்டம் இல்லை, பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். போட்டிக் கிழமையில் ஒஹாயோ மாணவர்கள் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் ‘எம்’ என்ற எழுத்தைக் கண்ட இடமெல்லாம் சிவப்பு நாடாவால் வெட்டிவிடுவார்கள். மிச்சிகன் அந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதுதான் அது செய்த குற்றம். 1950இல் பனிப்புயலுக்குள் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் 9-3 என்று வென்றது. அன்றைக்குப் பிறக்காதவன்கூட இன்றைக்கு அதை எடுத்து வைத்துச் சண்டை பிடிக்கலாம், கணக்கு இருக்கிறது. எங்கள் சண்டைக்குச் சாட்சி மூன்று பேரின் ஞாபகம் மட்டும். அதிலும் இரண்டு பேர் ஒரு கட்சி.

புதிய மைதானம், புதிய சேட், மின்னொளியில் இறுதியாட்டம் எல்லாம் இப்போது வருகிறது, சந்தோசம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கிண்ணம் வாங்க உடனே காசு அனுப்புகிறார்கள். ஒரு தடித்த கொப்பி வாங்கி, ஒவ்வொரு போட்டியின் திகதி, இரண்டு அணியின் பெயர்ப்பட்டியல், கோல் அடித்தவர், நிமிடம், நடுவர் என்று எழுதிவைக்க ஒருவரும் காசு கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போகும்போது அந்த வருடங்களும் அவரோடு போய்விடுகின்றன.

முல்லைத்தீவு மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு விளையாடியிருந்தாலும் சரி, உங்கள் வீட்டு அலுமாரியில், கனடாவிலோ லண்டனிலோ உள்ள தமையனின் பெட்டியில், ஒரு அணிப் படமோ சான்றிதழோ விளையாட்டு விழா மலரோ தப்பியிருக்கலாம். அதைப் படமெடுத்து உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கொடுங்கள். 2005இல் இருந்து ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஆண்டு, எதிரணி, கோல் கணக்கு மூன்றையும் எழுதிவிடுங்கள். தோற்ற போட்டிகளையும் சேர்த்துத்தான்.