மாத்திரைப் பெயரின் வால்

"எனக்கு பிரஷருக்கு லோசார்ட்டன். சம்பந்தியம்மாவுக்கு டெல்மிசார்ட்டன். இரண்டும் சொந்தமா? ஒருத்திக்குத் தீர்ந்துபோனால் இன்னொருத்தி கொடுத்து உதவலாமா?" என்று வாலாஜாபாத் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

சொந்தம்தான். ஆனால் கைமாற்று மட்டும் கூடாது. இரண்டின் அளவும் வேறு, உடம்பில் தங்கும் நேரமும் வேறு. போதாததற்கு, ஒரே மாத்திரைக்குள் இன்னொரு மருந்தையும் சேர்த்து அடைத்துத் தருகிற அட்டைகள் இப்போது நிறைய. அந்த விஷயத்தை டாக்டரிடம் விட்டுவிடுவோம். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 'சொந்தமா?'தான்.

வாசகியின் ஊருக்குப் பக்கத்தில்தான் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 1068 வாக்கில் வெட்டிய வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகளோடு 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலை நடந்ததையும், அங்கே வைத்தியர், அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் எல்லாம் இருந்ததையும் பலரும் எழுதியாகிவிட்டது. நான் நின்று படிக்கச் சொல்வது, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை. வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று நான்கு பெயர்கள் ஒரே மாதிரி முடிகின்றன. ஹரீதகி என்றால் கடுக்காய். முன்னால் இருப்பது கூட்டாளி: ஆடாதொடை, பசுவின் மூத்திரம், பத்து வேர், சேங்கொட்டை. பில்வாதி கிருதம் என்றால் வில்வம் முதலானவை சேர்த்துக் காய்ச்சிய நெய். தைலம் என்று முடிவது எண்ணெய், லவணம் என்று முடிவது உப்பு. வாலைப் பார்த்தால் அது எந்தச் சாடியில் இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

காஞ்சிபுரத்தில் சேலை எடுக்கப் போனால் என் அத்தை உடலின் நிறத்தைப் பார்த்து மயங்கவே மாட்டார். "முதலில் முந்தியை விரிப்பா" என்பார். மருந்துப் பெயருக்கும் முந்தி கடைசியில்தான் இருக்கிறது.

இன்றைய முந்தியை நெய்வது உலக சுகாதார நிறுவனம். 1950இல் தீர்மானம் போட்டு, 1953இல் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். கம்பெனி என்ன பெயரில் விற்றாலும் மருந்துக்கு உலகம் முழுக்கப் பொதுப்பெயர் ஒன்று இருக்க வேண்டும், ஒரே வகை மருந்துகளுக்கு ஒரே வால் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'சார்ட்டன்' என்று முடிந்தால், ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்து. 'ப்ரில்' என்று முடிந்தால் அது உருவாவதையே தடுப்பது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த குடும்பம் இது. எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாத்திரையால்தான் இருமல் என்று தெரியாமல் மாதக்கணக்கில் சிரப் குடிப்பவர்கள் உண்டு. 'ஓலால்' இதயத் துடிப்பைத் தணிப்பது. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியின் 'கெயின்' கோகெயினிலிருந்து வந்தது.

எழுத்துக்கும் விதி வைத்திருக்கிறார்கள். பி, ஹெச் சேர்ந்து வரும் இடத்தில் எஃப். டி, ஹெச் சேர்ந்தால் வெறும் டி. ஒய்க்குப் பதில் ஐ. ஹெச், கே இரண்டையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். எந்த நாட்டுக்காரர் வாயிலும் சிக்காமல் வர வேண்டுமாம். ஆனாலும் நம் ஊர் அட்டைகளில் செஃபலெக்சின் இன்னும் பழைய பி, ஹெச்சோடுதான் வருகிறது.

வாலை நம்பி ஏமாறவும் இடமுண்டு. கொழுப்புக்குச் சாப்பிடும் அட்டர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் குழந்தையின் வாயில் வெண்படலம் படிந்தால் தடவச் சொல்கிற நிஸ்டாட்டினுக்கும் கொழுப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பூஞ்சைக் கொல்லி. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் 1950இல் உலகுக்குச் சொன்னது. ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைச் சீசாவில் அடைத்துத் தபாலில் அனுப்பியே ஆராய்ச்சியை நடத்தினார்கள். ஆங்கிலத்தில் மாநிலத்துக்கு 'ஸ்டேட்' அல்லவா, நியூயார்க் ஸ்டேட் சுருங்கி நிஸ்டாட்டின் ஆயிற்று! 1966இல் ஃப்ளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓவியங்களில் பூத்த பூஞ்சையை அழிக்கவும் இதே மருந்தைத் தெளித்தார்கள். வந்த காப்புரிமைப் பணத்தை இருவரும் ஆராய்ச்சிகளுக்கே கொடுத்துவிட்டார்கள். கொழுப்பு மருந்தின் அதிகாரபூர்வ வாலோ வெறும் 'ஸ்டாட்டின்' அல்ல, சற்று நீளமான 'வாஸ்டாட்டின்'. அப்படியே, வயிற்றுப் புளிப்புக்கான ரபெப்ரசோலைப் போல் ஒலிக்கும் ஆரிப்பிப்ரசோல் மனநல மருந்து.

நம் வீடுகளில் வாலும் தெரியாது, தலையும் தெரியாது. "காலையில் மஞ்சள், ராத்திரிக்குச் சின்ன வெள்ளை." அவ்வளவுதான். காய்ச்சலுக்கு ஒரு கம்பெனிப் பெயரிலும் சளிக்கு இன்னொரு கம்பெனிப் பெயரிலும் வாங்கி, இரண்டிலும் இருக்கும் பாராசிட்டமாலை இரட்டிப்பாக விழுங்குகிறோம். பொதுப்பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018 செப்டம்பரிலிருந்து விதியே இருக்கிறது. அச்சிடுகிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுப்பெயரில்தான் மருந்து வாங்குகிறது. தர்மாஸ்பத்திரி மாத்திரை என்று நாம் முகம் சுளிக்கிற அட்டையில் இருப்பது மருந்தின் சொந்தப் பெயர்.

'சிலின்' வாலை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆம்பிசிலின், அமாக்சிசிலின், பைபெராசிலின் எல்லாம் அதே ஆபத்துதான். பென்சிலின் என்று எழுதியிருக்கவில்லையே என்று தொண்டை வலிக்குத் தாங்களாகவே அமாக்சிசிலின் வாங்கிப் போட்டு, உடம்பெல்லாம் தடித்து வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தரும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முழு அட்டையைக் காட்டச் சொல்லி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாலுக்கும் இடநெருக்கடி வந்துவிட்டது. புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கிற ரிட்டுக்சிமாப் போன்ற எதிர்ப்புரத மருந்துகள் எல்லாம் 'மாப்' என்றே முடிந்து, ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் பெருகிப்போயின. 2021இல் அந்த வாலை டக், பார்ட், மிக், மென்ட் என்று நான்காகப் பிரித்தார்கள். பழைய மருந்துகள் மாப் என்றே இருக்கும். புதிதாகப் பெயர் வாங்குகிறவை இந்த நான்கில் ஒன்றோடு வரும்.