சொல்ல வந்த பிள்ளையின் வாயை மூடாதீர்கள்



பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண் அதை முதலில் சொல்வது பொலிஸிடமோ டாக்டரிடமோ அல்ல. அம்மாவிடம், அம்மாச்சியிடம், இல்லையென்றால் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் சொல்கிறாள். "நீ ஏன் அந்த நேரத்துல அங்க போன?" என்று கேட்டால் அதோடு சரி. பிறகு யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும்.

"நான் நம்புறேன், ஒம்மேல குத்தமில்ல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுக் குடைய வேண்டாம். கத்தவில்லை, காயமில்லை என்பதால் பொய் என்றும் நினைக்க வேண்டாம். பயத்தில் உடம்பு விறைத்துச் சத்தமே வராமல் போவது உண்டு. சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமே சொல்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் "அவளும் விரும்பித்தான்" என்ற பேச்சுக்கே இடமில்லை. (கற்பழிப்பு, கெட்டுப்போனாள் என்ற சொற்களையும் விட்டுவிடுவோம். கெட்டவன் செய்தவன்தானே.)

நம் தோட்டங்களில் இருக்கும் பெரிய கெடுதல் பேசி முடிப்பது. தலைவரும் கோயில் கமிட்டி ஆட்களும் கூடி ஒரு தொகையைக் கட்டச் சொல்கிறார்கள். அதைவிட மோசம், அவனுக்கே கட்டி வைக்கிறார்கள். மரக்கறித் தோட்டத்தில் மாடு மேய்ந்த வழக்கும் இதுவும் ஒன்றா? நீதிமன்றத்திலேயே சமாதானம் சொல்லி முடிக்க முடியாத குற்றம் இது. அதை முடிக்கத் தலைவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? சட்டத்தில் உள்ள தண்டனை 7 முதல் 20 வருடக் கடூழியச் சிறை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவரானால் 10 முதல் 20 வருடம். நட்டஈட்டையும் நீதிமன்றமே விதிக்கும்.

செய்தவன் கங்காணியானால் "நாளைக்கு அரைப்பேர் போடுவான்" என்று பயம். சித்தப்பனோ மாமனோ ஆனால் குடும்ப மானம். அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? பிள்ளைக்காம்பரா ஆயாவும் பள்ளிக்கூட டீச்சரும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நடந்தது தெரிந்ததும் குளிப்பாட்டாமல், உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்ட டிஸ்பென்சரியோடு நிறுத்த வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் இருக்கும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, 5 நாளைத் தாண்டக் கூடாது. குளித்தாயிற்று, நாள் போய்விட்டது என்றாலும் போங்கள். மாதக்கணக்கு கடந்தும் முறைப்பாடு செய்யலாம். பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" இருக்கிறது, அங்கே தனியாக உட்கார்ந்து பேசலாம்.

பொலிஸில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். தமிழில் சொல்ல உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், அதை வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். பேப்பரில் பேர் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, அனுமதியில்லாமல் அவள் பெயரை வெளியிடுவதே குற்றம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்களில் தொலைபேசியில் சொல்லலாம்.

வளர்ந்த பெண்ணானால் எங்கே, எப்போது போவது என்பதை அவளே முடிவு செய்யட்டும், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு வேண்டும். லயத்துப் பெண்கள் மாறி மாறி அவளோடு கூடப் போகலாம். அன்றைக்கு அவள் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டில் சோறு போடலாம்.