காப்புப்பிரதியும் மீட்பும்: தரவுப் பாதுகாப்பு நிருவாகம் பற்றிய ஒரு நோக்கு

நிறுவனங்களின் தரவுகளைப் பிரதிசெய்து வைத்தல், கணினித் துறையில் மிகச் சாதாரணமான பணியாகவே கருதப்பட்டு வருகின்றது. அதற்குரிய மென்பொருளை நிறுவி, நாள்தோறும் குறித்த நேரத்தில் இயங்குமாறு ஒழுங்குசெய்துவிட்டால் கடமை முடிந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பிரதிசெய்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு என்பதையும், பின்னையதே முன்னையதன் பயனைத் தீர்மானிக்கின்றது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

காப்புப்பிரதி மூவகைப்படும். தரவு முழுவதையும் பிரதிசெய்வது முழுப்பிரதி. இறுதியாக எடுத்த எப்பிரதிக்கும் பின்னர் மாறியவற்றை மாத்திரம் எடுப்பது ஏறுபிரதி. இறுதி முழுப்பிரதிக்குப் பின் மாறிய அனைத்தையும் எடுப்பது வேறுபாட்டுப் பிரதி. ஏறுபிரதி இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவது உண்மையே. ஆயின் அது ஒரு சங்கிலி. ஞாயிறன்று முழுப்பிரதியும் ஏனைய நாட்களில் ஏறுபிரதிகளும் எடுக்கும் நிறுவனமொன்றில் புதன்கிழமைப் பிரதி பழுதடைந்தால், வியாழன், வெள்ளிப் பிரதிகள் பழுதின்றி இருப்பினும் செவ்வாய்க்கு அப்பாற்பட்ட நிலையை முழுமையாக மீட்க இயலாது. வேறுபாட்டுப் பிரதி முறையிலோ முழுப்பிரதியும் இறுதி வேறுபாட்டுப் பிரதியும் இருந்தாற் போதும்.

எம்முறையைத் தெரிவது என்பதை இரு வினாக்கள் தீர்மானிக்கின்றன. எத்தனை மணிநேரத் தரவை இழக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்? எத்தனை மணிநேரத்துள் மீண்டும் இயங்க வேண்டும்? இவை தொழினுட்பவியலாளர் மாத்திரம் விடை காணக்கூடிய வினாக்கள் அல்ல. நிருவாகமும் அத்தரவில் தங்கியுள்ள மக்களும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியவை.

பிரதிசெய்யும் ஏற்பாடுகள் எவ்வாறு சத்தமின்றிச் செயலிழக்கின்றன என்பதற்கு, நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் என்னும் சேவையில் 2017 சனவரி 31 இரவு நிகழ்ந்தது நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கு இரண்டாம் தரவுத்தளச் சேவையகம் முதன்மைச் சேவையகத்துடன் ஒத்திசையாது பின்தங்கியது. அதனைச் சீர்செய்ய முயன்ற பொறியியலாளர், இரண்டாம் சேவையகத்திற் செய்ய வேண்டிய அழித்தலைத் தவறுதலாக முதன்மைச் சேவையகத்திற் செய்தார். ஓரிரு செக்கன்களில் தவறை உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மாத்திரமே எஞ்சியிருந்தது.

அதன் பின்னரே மெய்யான பழுது வெளிப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட பிரதிகளின் சேமிப்பிடம் வெறுமையாயிருந்தது. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பிலும், பிரதியெடுக்கும் கருவி 9.2 ஆம் பதிப்பிலும் இருந்தமையால் அப்பணி ஒவ்வொரு முறையும் தோல்வியுற்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ உரிய உறுதிப்பாட்டொப்பம் இன்மையால் ஏற்கப்படாது போயின. வட்டு நிலைப்பதிவு வசதி தரவுத்தளச் சேவையகங்களுக்கு இயக்கப்பட்டிருக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணிநேரத்திற்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு பதிவே நிறுவனத்தைக் காப்பாற்றியது. அப்பதிவைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஏறத்தாழ 18 மணிநேரம் சென்றது. அவ்விடைவெளியில் உருவான ஏறத்தாழ 5,000 செயற்றிட்டங்களின் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் இழக்கப்பட்டன.

அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை பழியை ஒரு தனிமனிதர் மீது சுமத்தாது காரணத்தைத் தேடிச் சென்றது. மீட்பை ஒழுங்காகச் சோதிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை என்பதே அது கண்ட முடிவு. களைப்புற்ற ஒருவரின் கைத்தவறு எங்கும் நிகழக்கூடியது. அத்தவறு பேரிழப்பாக மாறுவது அமைப்பின் குறைபாட்டினாலேயே.

இலங்கையின் அனுபவம் பிறிதொரு பாடத்தைத் தருகின்றது. 2023 ஓகஸ்ட் 26 இல் அரசாங்க முகில் வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை பணயத்தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்புப்பிரதிகளும் சேர்ந்தே மறைகுறியாக்கப்பட்டமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க இயலவில்லை. பயன்படுத்தப்பட்டதோ, தயாரிப்பாளரின் ஆதரவு 2023 ஏப்பிரலில் முடிவுற்ற 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்காமைக்கு நிதிப் பற்றாக்குறையும் காரணமாகக் கூறப்பட்டது. மூலத்தைத் திறக்கும் திறப்பே பிரதியையும் திறக்குமாயின், அது தாக்குதலுக்கு எதிரான காப்பு ஆகாது. மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் வழமையான விதியோடு, ஒரு பிரதியேனும் வலையமைப்புடன் இணைக்கப்படாதிருத்தல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொள்ளல் அவசியம்.

ஆகவே பழுதாய்வைப் பழுது நேர்வதற்கு முன்னரே தொடங்க வேண்டும் என்கின்றோம். 'வெற்றி' என மென்பொருள் காட்டுவது பணி முடிவுற்றது என்பதையே குறிக்கும். பிரதி பயன்படும் என்பதையன்று. பிரதியின் அளவு திடீரெனக் குறைந்துள்ளதா, கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்துகின்றனவா, கடவுச்சொல் காலாவதியாயிற்றா, சேமிப்பிடம் நிரம்பிவிட்டதா என்பவற்றை முறையாக நோக்குதல் வேண்டும். தோல்வி நிகழ்ந்தால் செய்தி வரட்டும் எனக் காத்திராது, வெற்றிச் செய்தி உரிய நேரத்தில் வராவிடின் எச்சரிக்கை எழுமாறு அமைத்தல் சிறந்தது. யாவற்றுக்கும் மேலாக, குறித்த காலத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் பிரதியை முழுமையாக மீட்டு, சென்ற நேரத்தையும் குறித்து வைத்தல் வேண்டும்.

இப்பணி கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. நன்கு நடைபெறும்போது எதுவும் நிகழ்வதில்லை; எதுவும் நிகழாமையாலேயே அதற்கு நிதியும் நேரமும் ஆளும் மறுக்கப்படுகின்றன. ஆயின் வைத்தியசாலைப் பதிவுகள், பரீட்சைப் பெறுபேறுகள், காணிப் பதிவுகள் ஆகியன கணினிக்கு மாறிவரும் காலத்தில், அவை அழிந்தால் இழப்பு அலுவலகத்துக்கு மாத்திரம் உரியதன்று. தன் உரிமையை நிறுவுதற்கு வேறு சான்று எதுவும் அற்ற எளிய மனிதனே அதனை முதலில் அனுபவிப்பான். மீட்டுப் பார்க்கப்படாத பிரதி ஒரு நம்பிக்கை மாத்திரமே. மக்களின் உரிமைகளை நம்பிக்கையில் மாத்திரம் விட்டுவைத்தல் தகாது.