பரண்ல கிடக்கும் பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க... காணாமல் போன டிவி நிகழ்ச்சி அதுல இருக்கலாம்!

வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒளியும் ஒலியும்', விவசாயிகளுக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி'... 45 வயதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னாலே போதும், கதை கதையாகச் சொல்வார்கள். 'சரி, அதுல 1978ல வந்த ஒரு எபிசோடைக் காட்டுங்க' என்று கேட்டால்தான் சிக்கல். உலகம் முழுக்க இப்படிக் காணாமல் போன டிவி நிகழ்ச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை எப்படிக் காணாமல் போயின? திரும்பக் கிடைக்குமா? இதில் நாம் செய்யக்கூடியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

காவாந்தண்டலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது அது கருப்பு வெள்ளை. இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982ல்தான் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் இருக்கும் காவாந்தண்டலம் மாதிரியான கிராமங்களில் வீட்டுக்கு வீடு டிவி கிடையாது. பஞ்சாயத்து டிவி, இல்லையென்றால் வசதியான ஒரு வீட்டு டிவி. ஊரே அதன் முன்னால் உட்காரும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஒருவர் மாடிக்கு ஏறி ஆன்டனாவைத் திருப்புவார், கீழே இருந்து 'இப்ப தெரியுது, இப்ப தெரியல' என்று குரல் போகும்.

பார்ப்பது மட்டும் இல்லை. 'வயலும் வாழ்வும்' போன்ற நிகழ்ச்சிகளில் கிராமத்து விவசாயிகளே பேசினார்கள். என்ன நெல் போட்டோம், ஏரித் தண்ணீர் எப்படி வந்தது, என்ன பூச்சி தாக்கியது என்று அவர்கள் சொன்னது வேறு எந்தப் புத்தகத்திலும் பதிவாகி இருக்காது. சினிமா பாட்டு போனாலும் படத்தின் பிரின்ட்டில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த விவசாயியின் பேச்சு போனால் போனதுதான். இன்றைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் தேடினாலும் தாத்தாவின் குரலைக் கேட்க வழி இருக்காது.

இத்தனைக்கும் இது பதிவு செய்து வைப்பதற்குப் பேர்போன வட்டாரம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் கி.பி. 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை இன்றும் படிக்க முடிகிறது. 1,100 ஆண்டுக்கு முந்தைய தேர்தல் விதி இருக்கிறது. 50 ஆண்டுக்கு முந்தைய டிவி நிகழ்ச்சியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒளிபரப்பான நிகழ்ச்சி எப்படிக் காணாமல் போகும்?

முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, நேரலை. ஆரம்ப காலத்தில் செய்தி, அறிவிப்பு, பேட்டி என்று பல நிகழ்ச்சிகள் ஸ்டூடியோவில் இருந்து நேராக ஒளிபரப்பாகின. தனியாகப் பதிவு செய்தால்தான் மிஞ்சும். செய்யாவிட்டால் காற்றோடு போச்சு.

இரண்டாவது, டேப்பின் விலை. 1956ல் அறிமுகமான வீடியோ டேப் 2 அங்குல அகலம் கொண்டது. ஒரு ரீலைத் தூக்கவே தெம்பு வேண்டும், விலையும் அதிகம். அதனால் நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதே டேப்பை அழித்து, அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். சிலேட்டில் எழுதி அழிப்பது மாதிரி. பல நாட்டு டிவி நிலையங்களில் இதுதான் நடைமுறை. பிற்காலத்தில் யாராவது இதைத் திரும்பப் பார்ப்பார்கள், கேசட்டாக விற்பார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

மூன்றாவது, காலம். டேப்பில் படமும் ஒலியும் ஒட்டியிருப்பது மெல்லிய காந்தப் பூச்சில். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு பிசுபிசுத்து உதிரும், பூஞ்சை பிடிக்கும். டேப் நன்றாக இருந்தாலும் ஓட்ட மெஷின் வேண்டுமே? வி.எச்.எஸ். டெக் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த டேப்களை 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பலவற்றை மீட்க முடியாமல் போகலாம் என்று யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து எச்சரித்தன. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

பிபிசி, நாசாவுக்கே இந்த கதிதான்!

பிரிட்டனின் புகழ்பெற்ற தொடர் 'டாக்டர் ஹூ'. அதன் முதல் 6 ஆண்டுகளில் வந்த 253 எபிசோடுகளில் 90க்கும் மேற்பட்டவை பிபிசியிடமே இல்லை. 1970களின் இறுதியில்தான் பழைய நிகழ்ச்சிகளைக் காப்பது என்ற முறையான கொள்கைக்கு பிபிசி வந்தது. அதற்குள் பல டேப்கள் அழிந்திருந்தன.

பிறகு தேடல் தொடங்கியது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய ஃபிலிம் பிரதிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2013ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டிவி நிலையத்தில் இருந்து மட்டும் 9 எபிசோடுகள் மீண்டன. 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரின் 2 எபிசோடுகள் 2001ல் கிடைத்தன. குப்பைக்குப் போக இருந்த ஃபிலிம் டப்பாக்களை ஒருவர் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பியவை அவை.

1969ல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியின் மூல டேப்களுக்கும் இதே கதிதான். வேறு வேலைக்கு டேப் தேவைப்பட்டதால் அவற்றை அழித்து மறுபடியும் பயன்படுத்தியிருக்கலாம் என்ற முடிவுக்கு 2009ல் நாசா வந்தது. இன்று நாம் பார்ப்பது, டிவி நிலையங்களிடம் இருந்த பிரதிகளை வைத்துச் சீரமைத்த காட்சி.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

இழப்பு நமக்குப் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931ல் வந்த முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' படத்தின் பிரின்ட்டும் கிடைக்கவில்லை. சினிமாவுக்காவது 1964ல் புனேவில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. டிவி நிகழ்ச்சிகளுக்கு அந்த அளவு கவனம் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

பழைய நிகழ்ச்சிக்கு மதிப்பு இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு 2020 ஊரடங்கு பதில் சொன்னது. 1987ல் வந்த 'ராமாயணம்' தொடரை தூர்தர்ஷன் மறுஒளிபரப்பு செய்தபோது, ஏப்ரல் 16ம் தேதி எபிசோடை மட்டும் 7.7 கோடி பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தொடரைக் கொடுத்து உதவியதற்காக, அதைத் தயாரித்த சாகர் குடும்பத்துக்கு பிரசார் பாரதி நன்றி சொன்னது. அதாவது, வெளியில் ஒருவர் பாதுகாத்து வைத்திருந்தது பயன்பட்டது.

இப்போது பிரசார் பாரதி தன் ஆவணக் காப்பகத்தில் இருப்பவற்றை யூடியூப்பிலும், 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' ஓடிடி தளத்திலும் வெளியிட்டு வருகிறது. சென்னை நிலையத்தின் சேனலும் 'பொதிகை' என்ற பெயர் மாறி, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆகிவிட்டது. ஆனால் நிலையத்திடம் இருந்தால்தானே வெளியிட முடியும்? இல்லாதது எங்கே இருக்கும்?

உங்க வீட்டுல இருக்கலாம்!

1980களின் பின்பாதியில் ஊரில் விசேஷம் என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும், விடிய விடிய படம் ஓடும். கல்ஃபில் வேலை பார்த்தவர்கள் டெக்கைக் கையோடு கொண்டு வந்தார்கள். டெக் இருந்தவர்களில் பலர் டிவி நிகழ்ச்சியையும் கேசட்டில் பதிவு செய்தார்கள். அந்தக் கேசட் இன்று பரண்ல, டிரங்குப் பெட்டியில, பீரோ மேல தூசியோடு கிடக்கலாம்.

- மேலே 'கல்யாணம்' என்று எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓட்டிப் பாருங்க. மிச்ச டேப்பில் வேறு ஏதாவது பதிவாகியிருக்கும்.
- பாட்டு மட்டும் முக்கியம் என்று நினைக்காதீங்க. நடுவில் வரும் அறிவிப்பாளர், விளம்பரம், செய்தி ஆகியவைதான் வேறு எங்கும் கிடைக்காதவை.
- டேப் ரெக்கார்டரை டிவி பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த ஆடியோ கேசட்டும் பொக்கிஷம்தான். 'டாக்டர் ஹூ'வில் காணாமல் போன எபிசோடுகள் எல்லாவற்றின் ஒலியும் இன்று இருக்கிறது. காரணம், ரசிகர்கள் வீட்டில் செய்த பதிவுகள். அந்த ஒலிக்கு அனிமேஷன் சேர்த்துச் சில எபிசோடுகளை மறுபடி வெளியிட்டார்கள்.

கேசட் கிடைச்சா என்ன செய்யணும்?

- ஜன்னல் வழியா டேப்பைப் பாருங்க. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. டேப் அறுந்துவிடும், டெக்கின் ஹெட்டும் கெடும்.
- கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன் மேல் வேறு எதுவும் பதிவாகாது.
- வெயில், ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்க. ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம்.
- டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்கள் சிலவற்றில் கேசட்டை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவார்கள். எதையும் வெட்டாமல் முழுசா மாற்றச் சொல்லுங்க. பென்டிரைவ் ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்க.
- மாற்றியாச்சு என்று மூல கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு இதைவிட நல்ல தரத்தில் எடுக்க முடியலாம்.
- யார் பதிவு செய்தது, எந்த வருஷம், திரையில் தெரிபவர் யார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்பவே கேட்டு எழுதி வையுங்க.

யூடியூப்பில் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். காப்புரிமைச் சட்டம் 1957ன்படி, ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒளிபரப்பின் மீது 25 ஆண்டுகள் உரிமை உண்டு. அது முடிந்தாலும், நிகழ்ச்சியின் பதிவு மீதான உரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். அது தயாரிப்பாளரிடமோ நிலையத்திடமோ இருக்கும். அதனால் கிடைத்த விவரத்தை முதலில் அந்த நிலையத்துக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதித் தெரிவிப்பதே சரியான வழி. கேட்டால் பிரதி கொடுங்க, மூல கேசட் உங்களிடமே இருக்கட்டும்.

ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் தங்களிடம் இல்லாத பழைய நிகழ்ச்சிகளின் வீட்டுப் பதிவுகளை மக்களிடமே கேட்டு வாங்குகிறது. பிபிசியும் இப்படி மக்களிடம் கேட்டுத் தேடியது. தமிழில் அப்படி ஒரு அழைப்பு வரும்போது கொடுக்க கேசட் இருக்க வேண்டும். போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போதும், பழைய பேப்பர்காரருக்குப் போடும்போதும் கருப்பு கேசட் கண்ணில் பட்டால், அதைத் தனியாக எடுத்து வையுங்க.